குட்டைக் கை

பஸ்ஸில் முன்சீட்டில் இருக்கும் அக்காவின் சேலைத் தலைப்பு பின்னால் வந்து நம் மடியில் விழுந்தால் என்ன செய்வோம்? ஒதுக்கிவிடுவோம், இல்லையென்றால் சும்மா இருப்போம். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்ப்பாள். கண் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். விரல் மட்டும் தனியாக வேலை பார்க்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினால் ராஜபாளையம் வருவதற்குள் முடிவைச் சொல்லிவிடுவாள்.

"யக்கா, இந்தச் சேலைய எங்க எடுத்தீய? இந்த எடத்துல ஒரு இழை விட்டுப்போயிருக்கு."

அந்த அக்கா திரும்பி முறைப்பார். எனக்கு மானம் போகும். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒரே பெஞ்சு என்று அவளோடு இருந்தேன். இப்படி எத்தனை அக்காக்களிடம் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரே ஒரு அக்கா மட்டும் தலைப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, விட்டுத்தான் போயிருக்கு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்றார். அன்றைக்கு அவள் நடையே மாறிவிட்டது.

அவளுடைய அம்மா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போகிறவர். மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா பக்கத்து அக்காவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே மடிப்பார். இழை விட்ட இடம் வந்தால் மட்டும் கை நின்றுவிடும். பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் இவளும் கூடப் போய் உட்கார்ந்து பழகியவள். அதனால் யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். தொட்டுப் பாத்தியா?

"ஏட்டி, கேன்டீன்ல வடை சூடா இருக்காம்."

"தொட்டுப் பாத்தியா?"

"நாளைக்கு லீவாம்ட்டி."

"தொட்டுப் பாத்தியா?"

லீவை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று கேட்டால், "நோட்டீஸ் போர்டுல காகிதத்தத் தொட்டுட்டு வா, பொறவு நம்புறேன்" என்பாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். எனக்கு எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும். ஒரு பெயரை ஒரு தடவை கேட்டால் போதும், மறக்காது. விலங்கியல் படிப்பே பெயர்களின் சந்தைக்கடைதான் என்பதால் வகுப்பில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அவளுக்குப் பெயர் நிற்கவே நிற்காது. கூடப் படித்தவளையே கடைசி வருஷம் வரைக்கும் "அந்த மல்லிப்பூ வைக்கிறவ" என்றுதான் சொன்னாள். கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகளை ஒன்றுவிடாமல் பிரித்து வரிசையாக வைப்பாள். அதில் ஒன்றுக்குக்கூடப் பெயர் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்ப்பாள். நான் உதட்டை அசைப்பேன்.

மேடம் அதைப் பார்த்துவிடுவார். மேடம் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் சிவப்புப் பேனா. அந்தச் சிவப்புக் கையெழுத்து ரெக்கார்டு நோட்டின் ஒவ்வொரு படத்துக்கும் கீழே விழ வேண்டும். ஒரு படத்துக்கு விழவில்லை என்றாலும் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

அவளுக்குத் தேர்வு போனால் எல்லாம் போச்சு. அவளுடைய அப்பா வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். கோபக்காரர் இல்லை, கொஞ்சம் பேச்சுக்காரர். "ஒரு பேப்பர்ல போச்சுன்னாலும் மறுநாக் காலையில அம்மாகூடக் கம்பெனி வேன்ல ஏறிக்கோத்தா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்திருந்தார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ரெக்கார்டு நோட்டு எப்படித் தயாராகும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. சீனியர் அக்காவின் நோட்டை வாங்கி, அதன்மேல் தாளை வைத்து, ஜன்னல் கண்ணாடியில் பிடித்துக் கோடு போட்டு வரைவோம். அந்த அக்கா அவருடைய சீனியரிடமிருந்து வரைந்திருப்பார். அவருக்கு முன்னால் இருந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பிராணியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பிராணியின் படம் தயாராகிவிடும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அவள் மட்டும் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு வருவாள்.

நட்சத்திர மீன் வந்தது கடைசி வருஷத்தில், ஒரு புதன்கிழமை மதியம். தூத்துக்குடிப் பக்கம் வலையில் மீன்களோடு சேர்ந்து வந்து செத்துப்போனவை. பார்மலின் டப்பாவைத் திறந்ததும் லேப் முழுக்கக் கண் எரிந்தது. குழாயடியில் நன்றாகக் கழுவி, இரண்டு பேருக்கு ஒன்று என்று மெழுகுத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் கடலையே பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் அய்யனார் கோவில் அருவிதான்.

"முதல்ல வெளியமைப்பு. அத முடிச்சுட்டுத்தான் கத்தரி" என்றார் மேடம்.

வெளியமைப்புக்கு ஐந்து நிமிஷம் போதும் என்று நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முதுகுப் பக்கம் ஆரம்பித்தாள். நடுத்தட்டு, அதிலிருந்து ஐந்து கைகள், மேலெல்லாம் சொரசொரவென்று முள். பிறகு திருப்பிப் போட்டு வயிற்றுப் பக்கம். நடுவில் வாய், அங்கிருந்து ஒவ்வொரு கைக்கும் ஓடும் பள்ளம், பள்ளத்துக்குள் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய்க்கால்கள். ஒவ்வொரு வரிசையாக விரல் நுனி போய்க்கொண்டே இருந்தது. கால்மணி நேரம் ஆனது, அரைமணி நேரம் ஆனது. பக்கத்து மேஜையில் குடலையே வெளியே எடுத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, அதென்ன துணியா? எந்திரிட்டி, நான் வெட்டுறேன்."

"செத்த நேரம் இரு. உன் நோட்டுல ஒரு பொத்தான் வரைஞ்சிருக்கியே, அது எங்க?"

மேட்ரிபோரைட்டைத்தான் சொல்கிறாள். சல்லடை மாதிரித் துளைகள் உள்ள சின்ன வட்டத் தட்டு. நட்சத்திர மீனின் உடம்புக்குள் தண்ணீர் போகும் வழி. "வாய்க்குப் பக்கத்துல இருக்கும். படத்துல பாரு" என்று நோட்டைக் காட்டினேன்.

"வாய்க்கிட்ட இல்ல. முதுகுல இருக்கு. ரெண்டு கைக்கு நடுவுல. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். முதுகில், இரண்டு கைகளுக்கு நடுவே, சட்டைப் பொத்தான்போல ஒன்று கெட்டியாகத் தட்டியது. என் நோட்டில் அது வயிற்றுப் பக்கம் இருந்தது. பக்கத்து மேஜைக்காரி நோட்டிலும் வயிற்றுப் பக்கம்தான். அவளுடையதைத் தவிர முப்பது நோட்டிலும் அப்படித்தான். என்றைக்கோ ஒரு அக்கா இடம் மாற்றிக் கோடு இழுத்திருக்கிறார். அதை நாங்கள் பரம்பரைச் சொத்துபோலக் காப்பாற்றி வந்திருக்கிறோம். முப்பது படத்துக்கும் கீழே முந்தின வாரமே போட்ட மேடத்தின் சிவப்புக் கையெழுத்து வேறு.

மேடம் வந்து குனிந்து பார்த்தார். நோட்டையும் பார்த்தார். "ஏமிதி?" என்றார். இது என்ன என்று அர்த்தம். ரொம்ப அதிர்ந்தால்தான் அவருக்கு வகுப்பில் தெலுங்கு வரும். பிறகு சிரித்துவிட்டார். "எல்லாரும் அழிங்கம்மா" என்றார். அன்றைக்கு லேப்பில் ரப்பர் தூசிதான் பறந்தது.

அதோடு விட்டிருந்தால் அவள் அன்றைக்குக் கதாநாயகியாகவே வீட்டுக்குப் போயிருப்பாள். விடவில்லை. காலியாக இருந்த பக்கத்தில் எங்கள் மீனை வரைந்தாள். எங்கள் மீனுக்கு ஒரு கை குட்டை. மற்ற நான்கில் பாதிகூட இருக்காது. அதையும் அப்படியே வரைந்து, கோடு இழுத்து, 'வளர்ந்துகொண்டிருக்கும் கை' என்று எழுதிவைத்தாள்.

ஒரே நாளில் இரண்டாவது தடவை மேடம் விட்டுக்கொடுப்பாரா?

"இது வலையில சிக்கி ஒடிஞ்ச கை. அஞ்சும் ஒண்ணுபோல வரை."

"ஒடிஞ்சா முனை மொட்டையா இருக்கும்ல மேடம்? இது கூரா முடியுது. குழாய்க்காலு முனை வரைக்கும் இருக்கு, எல்லாம் குட்டிக் குட்டியா."

"கை போனா மறுபடி வளரும்னு புக்குல இருக்கு, இல்லங்கல. ஆனா இது வளந்ததா ஒடிஞ்சதான்னு யார் கண்டா?"

"நான் தொட்டுப் பாத்தேன் மேடம்."

"செத்துப்போனது வளந்துகிட்டு இருக்குன்னு எழுதுறியேம்மா" என்றார் மேடம். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவள் என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி, அந்தக் குட்டைக் கையை மட்டும் ஓரமாக வெட்டித் திறந்தாள். பேண்டேஜ் துணியில் ஒரு இழையை மட்டும் உருவுகிற மாதிரி அப்படி ஒரு சுத்தம். பெரிய கையில் என்னென்ன இருக்குமோ அதெல்லாம் இதற்குள்ளும் இருந்தது, குட்டி அளவில், முழுசாக. ஒடிந்த கை என்றால் பாதியில் அறுந்து நின்றிருக்கும். மேடம் பார்த்தார். பார்த்துவிட்டு, "டைம் ஆச்சு, ரெக்கார்டுல அஞ்சும் சமமா இருக்கணும்" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும் வரைக்கும் அந்தப் பக்கத்தில் கையெழுத்து விழவில்லை. அவள் மாற்றி வரையவும் இல்லை. நான்தான் விடவில்லை. பஸ்ஸில் தினமும் சண்டை.

"உனக்கென்ன கிறுக்கா? ஒரு கைக்காகக் கம்பெனி வேன்ல ஏறப் போறியா?"

"கம்பெனிக்குப் போகப் பிடிக்காமலா இருக்கேன்? ஆனா எனக்கு இந்த மீனு வந்த கடலப் போய்த் தொடணும்ட்டி. மேல படிச்சா தூத்துக்குடிக்குப் போலாம்." சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் ஐந்து கையும் சமமாக இன்னொரு படம் வரைந்துவிடு, பழையதை அழிக்காதே என்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு வரைந்தாள். புதுப் படத்துக்குக் கீழே 'புத்தகத்தில் உள்ளபடி' என்றும், பழைய படத்துக்குக் கீழே 'மீனில் உள்ளபடி' என்றும் எழுதினாள். மேடம் புதுப் படத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பழையதைப் பார்க்காத மாதிரித் தாளைப் புரட்டினார். அந்த வெற்றிடத்தை அவள் விரல் ஒரு தடவை தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்கு ஏதோ தப்பு செய்தது போலிருந்தது.

இனிப் பெயர்கள் பாக்கி. தேர்வில் பெயர்களைச் சின்னக் கொடிகளில் எழுதிக் குண்டூசியால் சரியான இடத்தில் குத்த வேண்டும். வாயாலும் சொல்ல வேண்டும். இடம் எல்லாம் அவளுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா கொண்டுவந்த பேண்டேஜ் கழிவுத் துணியில் ஒரு நட்சத்திர மீன் தைத்தாள். உள்ளே பஞ்சு, முதுகில் முள்ளுக்குக் கடுகு, மேட்ரிபோரைட்டுக்குச் சட்டைப் பொத்தான், குழாய்க்கால்களுக்கு நூல் முடிச்சு. ஒரு கை குட்டை, சொல்லவே வேண்டாம்.

பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். விரல் எங்கே நிற்கிறதோ அதன் பெயரை நான் சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். டியூப் ஃபீட். ஆம்புலாக்ரல் குரூவ். மேட்ரிபோரைட். நாங்கள் மந்திரம் சொல்கிறோம் என்று நினைத்தோ என்னவோ, சோழபுரத்துக்குப் போகிற பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"என்னத்தா அது, யாருக்காச்சும் செய்வினை வைக்கிற பொம்மையா?"

"நட்சத்திர மீன் தாத்தா. பரீட்சைக்கு."

"மீனா? குழம்பு வைக்கலாமா?"

"வைக்க முடியாது தாத்தா. எல்லாம் முள்ளு."

அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் "என்னத்தா, மீனு பாஸாயிருமா?" என்று விசாரிப்பார்.

தேர்வன்று வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். ஒல்லியான மனுஷர், சிரிப்பே கிடையாது. அவள் கொடிகள் எல்லாம் சரியாக நின்றன. வாய்வழிக் கேள்வி ஆரம்பித்ததும் கண்ணை மூடி மீன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கண்ண ஏம்மா மூடுற?"

"தொறந்திருந்தா பேரு வர மாட்டேங்குது சார். பஸ்ல படிச்சது."

அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டே போனார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு ரெக்கார்டைப் புரட்டி, அந்த இரண்டு பக்கங்களில் நின்றார். மேடம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இதுல எதும்மா சரி?"

"ரெண்டும் சரி சார். இது புத்தகத்துல இருக்கு. இது மீன்ல இருந்துச்சு."

"இதுல கையெழுத்து இல்லையே?"

"அது எக்ஸ்ட்ரா படம் சார்" என்றார் மேடம் சட்டென்று.

செய்முறையில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மார்க். கம்பெனி வேன் அவளை ஏற்றாமல் போனது. தூத்துக்குடிக்குப் போன முதல் நாள் போன் செய்தாள். கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இன்னும் பாக்கலட்டி. கண்ண மூடிக்கிட்டுத்தான் கால வச்சேன். இழுக்குது" என்றாள்.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவள் அங்கேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர்.

போன வருஷம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, எங்கள் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தவள், ரெக்கார்டைக் காட்ட வீட்டுக்கு வந்தாள். புரட்டிக்கொண்டே வந்த நான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு நட்சத்திர மீன். 'புத்தகத்தில் உள்ளபடி', 'மீனில் உள்ளபடி'. இரண்டாவதில் ஒரு கை குட்டை.

"ஒனக்குக் குடுத்த மீனுக்கு ஒரு கை குட்டையா இருந்துச்சா?"

"எங்களுக்கு மீனே குடுக்கல டீச்சர். இப்ப வெட்டுறது கெடையாதுல்ல, பாட்டில்ல வச்சுத் தூரமா காட்டுனாங்க. படம் சீனியர் அக்கா நோட்டுல இருந்து வரைஞ்சது."

"அப்ப இந்தக் கை?"

"நட்சத்திர மீன்னா நாலு கை நீளம், ஒரு கை குட்டைதானே டீச்சர்? எல்லார் நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு."

முதல் மார்க் வாங்கிய நோட்டு என்று அடுத்த வகுப்பு அதைக் கைப்பற்றியிருக்கிறது. அதிலிருந்து அடுத்த வகுப்பு. பத்து வருஷமாக எங்கள் ஊர் நட்சத்திர மீன்களுக்கெல்லாம் ஒரு கை குட்டை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே அவளுக்குப் போன் போட்டேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"மீனில் உள்ளபடின்னு எழுதிட்டுக் காப்பி அடிக்குதாளுகளா?" என்று கத்தினாள். "அது என் மீனுட்டி! அவளுக மீனு எங்க? இரு, வாரேன்."

சொன்ன மாதிரியே ஒரு புதன்கிழமை வந்து இறங்கினாள், மூடி போட்ட இரண்டு பெரிய டப்பாக்களோடு. எல்லாம் வலையில் வந்து செத்தவை. நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். அதே பஸ், அதே பக்கத்து சீட்டு.

மேடம் இன்னும் அங்கேதான் இருந்தார். அடுத்த வருஷம் ஓய்வு. தலை நரைத்திருந்தது, பேனா மாறவில்லை. மாணவிகளை வட்டமாக நிறுத்தி ஆளுக்கொரு மீனைக் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னாள் அவள். கொஞ்ச நேரத்தில் லேப்பில் ஒரே சத்தம். "எனக்கு ஆறு கை இருக்கு!" "எனக்கு எல்லாம் ஒண்ணுபோல இருக்கு!" "எனக்குப் பொத்தான் கெடைச்சிருச்சு!"

பிறகு அவள் போனை எடுத்து மேடத்திடம் ஒரு வீடியோவைக் காட்டினாள். தொட்டியில் உயிரோடு ஒரு நட்சத்திர மீன், கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. மாதம் ஒன்றாக எடுத்துச் சேர்த்திருக்கிறாள். முதலில் ஒரு கை இருந்த இடத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு முனை. பிறகு சுண்டுவிரல் நகம் அளவு. கடைசியில், எங்கள் மீனில் இருந்த அதே அளவுக் குட்டைக் கை, அதே கூர் முனை, அதே குட்டிக் கால்கள்.

மேடம் அதை இரண்டு தடவை பார்த்தார். லேப் பீரோவைத் திறந்து, கைமாறிக் கைமாறிக் கடைசியில் தன்னிடமே வந்து சேர்ந்திருந்த அவளுடைய நோட்டை அடியிலிருந்து எடுத்தார். அட்டை கிழிந்து, பத்து வகுப்பின் பென்சில் கரி ஏறிய நோட்டு. அந்தப் பக்கத்தை எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, 'மீனில் உள்ளபடி' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையும் எழுதினார்.

"அன்னைக்கே போட்டிருக்கணும்மா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பி, கண்ணை மூடி, பின்பக்கத்தில் விரலை மெல்ல ஓட்டினாள்.

"நல்லா அழுத்தித்தான் போட்டிருக்கீங்க மேடம்" என்றாள். "பின்னால தட்டுது."